பன்னெண்டு அண்ணனும் பொய் சொன்ன போனும்

ஹட்டன் டவுனிலேயே முகத்தைப் பார்த்து ஆளைத் தெரிந்துகொள்ளாத ஒரே மனிதர் பன்னெண்டு அண்ணன்தான். முகத்தைப் பார்த்தால் அவருக்கு ஒன்றும் தோன்றாது. பெயரைச் சொன்னாலும் தோன்றாது. போனைக் கொடுத்தால் வாங்கி, செட்டிங்ஸுக்குள் இறங்கி, எங்கோ அடியில் கிடக்கும் பன்னிரண்டு எழுத்தைத் தோண்டியெடுத்துப் படித்துவிட்டு, "அட, நீங்களா! போன வருசம் ரௌட்டர் வாங்குனீங்களே!" என்று வாயெல்லாம் பல்லாகச் சிரிப்பார். அதுவரைக்கும் எதிரில் நிற்பவர் யாரோ ஒருவர்தான்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளச் சீட்டில் வரும். அந்தச் சீட்டை அச்சடிப்பவளே நான்தான், எனக்கே சில மாதம் மறந்துவிடும்.

எங்கள் ஆபிஸ் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது. ஹோட்டல், பங்களா, பள்ளிக்கூடம் என்று மலைநாடு முழுக்க வைஃபை போட்டுக்கொடுப்பது வேலை. முதலாளி கண்டியில் இருந்தார். பன்னெண்டு அண்ணன் ஏணியில் ஏறுவார், வயர் இழுப்பார், ப்ரோக்ராம் எழுதுவார். நான் பில் போடுவேன், போன் எடுப்பேன், அவர் இழுத்துவிட்ட சண்டைகளுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்பேன். மூன்றாவது வேலைதான் அதிகம்.

அந்தப் பன்னிரண்டு எழுத்து என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். போன், பிரிண்டர், டிவி என்று வைஃபையில் சேரும் எந்தச் சாமானாக இருந்தாலும், செய்கிற இடத்திலேயே அதற்கு ஓர் அடையாளத்தைப் பதித்து அனுப்புவார்கள். மேக் அட்ரஸ் என்பார்கள். எண்களும், ஏ முதல் எஃப் வரையுள்ள எழுத்துகளும் கலந்த பன்னிரண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அண்ணன் என்னை உட்காரவைத்து, தோட்டத்து வரிசை வீடான லயத்தையும் அதன் அறையான காம்பராவையும் உதாரணம் காட்டிப் பாடம் எடுத்தார்.

"தங்கச்சி, நம்ம ஆளுங்க புதுசா யாரையாவது பாத்தா என்னா கேப்பாங்க? எந்தத் தோட்டம், எந்த லயம்னுதானே? அதேதான் இது. மொத ஆறும் தோட்டம். எந்தக் கம்பெனி செஞ்சதுன்னு சொல்லிரும். கடைசி ஆறு காம்பரா நம்பரு. ஒரு காம்பராவுக்கு ஒரு ஆளுதான்."

"ஒரு காம்பராவுல ஒரே ஆளா? அது எந்தத் தோட்டத்துலண்ணே? எங்க லயத்துல ஒரு காம்பராவுல ஏழு பேரு இருந்தோம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நான் பாடத்தைக் கவனிக்கவில்லை என்று முடிவு செய்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

காலையில் வந்ததும் பெரட்டு எடுப்பார். தோட்டத்தில் விடிந்ததும் ஆளைக் கூப்பிட்டு எண்ணி மலைக்கு அனுப்புவார்களே, அந்தப் பெரட்டுதான். அவருடைய அப்பா அக்கரப்பத்தனைப் பக்கம் கணக்கப்பிள்ளையாக இருந்து பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டவர். மகன் கம்ப்யூட்டர் முன்னால் நின்றுகொண்டு, ஆபிஸ் வைஃபையில் எந்தெந்தச் சாமான் சேர்ந்திருக்கிறது என்று உரக்கப் படிப்பார். பிரிண்டர் வந்தாச்சு. கீழே பேக்கரிக்காரர் போன், களவாகத்தான், ஆனாலும் வந்தாச்சு. நான் படியேறும்போதே, மாடியிலிருந்து குரல் வரும். "தங்கச்சி போன் இப்பத்தான் உள்ள வருது. இன்னைக்கும் பெரட்டுக்கு லேட்டு!" பஸ் லேட்டு என்று நான் சொன்னால் அவருக்கு ஏறாது. போன் வந்ததா இல்லையா, அவ்வளவுதான்.

இந்தப் பன்னிரண்டு எழுத்தில் ஒரு தலைவலி உண்டு. ஒரு கம்பெனி இரண்டிரண்டாகப் பிரித்து நடுவில் இரட்டைப் புள்ளி வைக்கும். இன்னொன்று கோடு போடும். இன்னொன்று நாலு நாலாகக் கட்டி ஒற்றைப் புள்ளி வைக்கும். சிலது ஒன்றுமே வைக்காமல் மூச்சுவிடாமல் எழுதும். எப்படிக் கொடுத்தாலும் ஒரே அச்சுக்கு மாற்றி, முதல் ஆறையும் பட்டியலில் தேடி, எந்தக் கம்பெனி என்று சொல்லும் ஒரு ப்ரோக்ராமை அண்ணனே எழுதினார். எழுதி முடித்த அன்று பேக்கரியிலிருந்து கேக் வாங்கிவந்து எனக்கு ஊட்டிவிடாத குறை.

அந்த ப்ரோக்ராம் முதன்முதலில் போன இடம் ஒரு தோட்டத்துப் பங்களா. பட்டியலில் உள்ள போன்களை மட்டும் வைஃபைக்குள் விட வேண்டும், மற்றதையெல்லாம் வெளியே நிறுத்த வேண்டும் என்று தோட்டத்து மேனேஜரான பெரிய தொரை சொல்லியிருந்தார். அண்ணன் எல்லாருடைய எழுத்தையும் வாங்கி, தன் ப்ரோக்ராமில் கொடுத்து மாற்றி, பூட்டுப் போட்டுவிட்டு வந்தார். மறுநாள் தொரையே போன் பண்ணினார். சமையல்காரக் கோக்கியின் போனில் படம் ஜோராக ஓடுகிறது, தோட்டக்காரன் போனில் பாட்டு ஓடுகிறது, தொரைக்கு மட்டும் உள்ளே போக முடியவில்லை. அண்ணன் வியர்த்துப்போய்த் தோண்டினார். தொரையின் எழுத்தில் ஓரிடத்தில் பூஜ்ஜியம் முன்னால் நின்றது. முன்னால் நிற்கும் பூஜ்ஜியத்துக்கு மதிப்பில்லை என்று ப்ரோக்ராம் அதைத் தூக்கிப் போட்டுவிட்டது. பன்னிரண்டு பதினொன்றாகிவிட்டது.

"சேர், உங்கள்ட்ட இருந்து ஒரு பூஜ்ஜியம் விழுந்துருச்சு. நான் வந்து வச்சுத் தாறேன்" என்று பயபக்தியோடு சொன்னார் அண்ணன். தொரை என்ன நினைத்துக்கொண்டாரோ, அந்தப் பங்களாவிலிருந்து அப்புறம் அழைப்பு வரவில்லை.

நுவரெலியாவில் ஒரு ஹோட்டல். யாரோ வெளியாள் வைஃபையைத் திருடிப் படம் பார்க்கிறான் என்று மேனேஜர் புகார் சொன்னார். அண்ணன் எழுத்தைப் பிடித்தார், தேடினார், நிமிர்ந்தார். "சேர், படம் பாக்குறது உங்க வாஷிங் மெஷின்" என்றார். மேனேஜர் சிங்களவர், தங்கமான மனிதர், அண்ணனை மல்லி, அதாவது தம்பி, என்றுதான் கூப்பிடுவார். "மல்லி, வாஷிங் மெஷின் என்ன படம் பார்க்கும்?" என்று சிங்களத்தில் மெல்லக் கேட்டுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று அதன் வயரைப் பிடுங்கிவிட்டார். படுக்கை விரிப்பெல்லாம் மலையாகக் குவிந்த பிறகுதான் தெரிந்தது, அதே கம்பெனி டிவியும் செய்கிறது, படம் பார்த்தது மேல்மாடி டிவி. மன்னிப்புக் கேட்டது நான்.

அந்த ஹோட்டலில் இன்னொன்றும் நடந்தது. வந்து தங்கிய வெள்ளைக்காரர்களின் போன்களில் பாதிக்கு, தேடிப் பார்த்தால் கம்பெனி பெயரே வரவில்லை. பட்டியலிலேயே இல்லாத எழுத்து. அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "தங்கச்சி, வெள்ளைக்காரன்லாம் டூப்பு போன்தான் வச்சிருக்கான். அங்கிட்டு என்னமோ நடக்குது" என்றார். நானும், பாவம், அவர்களுக்கு என்ன கஷ்டமோ என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் ஆபிஸில் எல்லாரும் வைத்திருந்தது யாரோ பாவித்துக் கழித்த பழைய போன்கள். அதற்கெல்லாம் ஒழுங்காகக் கம்பெனி பெயர் வந்தது.

இந்த நிலைமையில்தான் அவருக்குப் பெண் பார்த்தார்கள்.

அண்ணனுக்கு வயது முப்பத்தெட்டு. அதற்கு முன் வந்த இரண்டு இடமும் அவருடைய வாயால்தான் போயின. இந்தத் தடவை அவருடைய அம்மா நேராக ஆபிஸுக்கே வந்துவிட்டார். "நீயும் வாம்மா. அவன் பக்கத்துலயே ஒக்காரு. போனு, கம்பெனின்னு வாயத் தொறந்தான்னா காலை நல்லா மிதி. இதுவும் போச்சுன்னா எனக்கு இனிமே வீடு வீடா ஏறத் தெம்பில்ல" என்றார். கண் கலங்கியிருந்தது. நான் சரி என்றேன்.

பெண் வலப்பனையில். பெயர் சுகந்தி, டவுனில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக்கொடுக்கும் வேலை. அப்பா இல்லாத பிள்ளை. தாய்மாமாதான் வளர்த்தார். கத்தாரில் லொறி ஓட்டி, அந்தச் சம்பளத்தில் இவளைப் படிக்கவைத்த மனிதர். சந்தைக்குப் பின்னால் வரிசையாக நாலு வீடு, நடுவில் பலகைச் சுவர். இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டில் வாழ்த்துவார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. கேசரி வந்தது, முறுக்கு வந்தது. சுகந்தி பால் டீ கொண்டுவந்து ஒவ்வொருவருக்கும் வைத்துவிட்டு, தன் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு டீயையே பார்த்தார். அவருடைய அம்மா என்னைப் பார்த்துக் கண்ணால் நன்றி சொன்னார்.

அப்போது மாமா, "கத்தார்ல இருக்குற என் மவனுக்கு மாப்பிள்ளைய வீடியோல காட்டணும். இந்த வீட்டுக்குள்ள சிக்னலே வராது, என்னா பண்ற?" என்றார்.

அண்ணன் முகத்தில் பல்பு எரிந்தது. பையிலிருந்து தன் சின்ன வைஃபை பெட்டியை எடுத்து ஜன்னலோரம் வைத்தார். சிக்னல் வந்தது. மாமாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. சுகந்தியின் போனை வாங்கி அந்த வைஃபையில் போட்டார். "புது போனுங்க. நான்தான் கத்தார்லருந்து கொண்டாந்தேன். பொண்ணுக்குன்னே பாத்து வாங்குனது. அசல் சாமான்" என்று அண்ணனிடம் காட்டினார்.

அசல் என்ற சொல்லைக் கேட்டதும் அண்ணனின் கை தானாகத் தன் போனுக்குப் போயிற்று. புதிதாக வைஃபையில் சேர்ந்த எழுத்தை எடுத்து, ப்ரோக்ராமில் போட்டுத் தேடினார். நான் காலை ஓங்கி மிதித்தேன். மாமா "ஆ!" என்றார். காலை மாற்றி மிதித்துவிட்டேன். அந்த இடைவெளியில் அண்ணன் வாயைத் திறந்துவிட்டார்.

"மாமா, ஒங்கள ஏமாத்திட்டாங்க. இந்த போனுக்குக் கம்பெனியே இல்லீங்க. இது டூப்பு."

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

"என்னா சொன்னீங்க?"

"பட்டியல்ல தேடிட்டேங்க. அப்படி ஒரு கம்பெனியே ஒலகத்துல இல்ல."

மாமா எழுந்து நின்றார். "ரெண்டு மாசம் ஓவர்டைம் செஞ்சு பெரிய கடையில போயி வாங்குனேன். என் வீட்டுக்குள்ள ஒக்காந்து, என் தங்கச்சி மவ முன்னாடி, டூப்பு சாமான் குடுத்தவன்னா என்னைய சொல்றீங்க? எந்திரிங்க. டீயக் குடிச்சிட்டு எந்திரிங்க."

மலைநாட்டுக்காரர் எவ்வளவு கோபத்திலும் டீயைக் குடிக்காமல் அனுப்பமாட்டார். நாங்கள் குடித்துவிட்டு எழுந்தோம்.

பஸ்ஸில் அண்ணனின் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வந்தார். நானுஓயா தாண்டியதும் அண்ணன் என் பக்கம் குனிந்து, "அந்தப் பொண்ணு டீ வக்கிறப்ப பாத்தேன் தங்கச்சி. வேகமா வைக்கல, ஒவ்வொருத்தருக்கும் கைப்பிடி அவங்க பக்கம் வர்ற மாதிரி திருப்பித் திருப்பி வச்சிச்சு. அப்படி ஆள நான் பாத்ததே இல்ல" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரைப் பஸ்ஸிலிருந்து தள்ளிவிட்டிருப்பேன். "அண்ணே, அதச் சொல்றதுக்குத்தானே உங்கள அங்க கூட்டிட்டுப் போனோம்!" என்றேன். அவர் வெளியே தேயிலையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கொஞ்ச நாள் கழித்து என்னுடைய பழைய போன் உயிரை விட்டது. புதிது வாங்கப் போனேன். அண்ணனும் கூடவே வந்தார், என்னை யாரும் ஏமாற்றக்கூடாதாம். கம்பெனிக்காரர்களுடைய சொந்தக் கடையிலேயே, சீல் உடைத்து, பில்லோடு வாங்கினோம். மறுநாள் காலைப் பெரட்டில் அண்ணன் படித்துக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார்.

"தங்கச்சி, ஒங்க போனுக்கும் கம்பெனி இல்லைங்குது."

"என்னண்ணே சொல்றீங்க? நம்ம ரெண்டு பேரும் சேந்துதானே வாங்குனோம்?"

"அதான் எனக்கும் வெளங்கல."

அன்றைக்கு முழுக்க அவர் ஏணியில் ஏறவில்லை, யாருடைய போனையும் எடுக்கவில்லை. கம்ப்யூட்டரில் எதையோ படித்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம் நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது பார்த்தால், இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"தங்கச்சி, புது போனெல்லாம் வைஃபைல சேரும்போது தன்னோட உண்மையான எழுத்தச் சொல்றதில்லையாம். யாரும் பின்தொடர்ந்து வந்து நோட்டம் பாக்கக்கூடாதுன்னு, தானா ஒரு பன்னெண்ட உண்டாக்கி அதச் சொல்லுமாம். ரெண்டாவது எழுத்து ரெண்டு, ஆறு, ஏ, ஈ, இந்த நாலுல ஒண்ணா இருந்தா அது போன் தானா உண்டாக்குனது. அதுக்குக் கம்பெனி தேடவே கூடாது. நான் தேடிட்டேன். அந்தப் பொண்ணு போனு ஆறு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, ஆறு."

"அப்ப அந்த வெள்ளைக்காரங்க?"

"எல்லாம் அசல் போனு தங்கச்சி. எல்லாமே அசலு." "அந்த மனுசன் ஒழைச்ச காச நான் டூப்புன்னுட்டேனே. அடுத்த வீட்டுக்குக் கேக்குற மாதிரி சொல்லிட்டேனே."

ப்ரோக்ராமில் அந்த இரண்டாவது எழுத்தைப் பார்க்கச் சொல்லி ஒரு வரியைச் சேர்த்தார். அது முடிந்ததும், "நாளைக்கு வலப்பனைக்குப் போறேன். நீங்களும் வரணும்" என்றார். அவருடைய அம்மா வரவில்லை. எந்த முகத்தோடு போவது என்றார். நியாயமான கேள்விதான்.

மாமா வாசலிலேயே நிறுத்திவிட்டார். அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, ஒரு மூச்சில் எல்லாவற்றையும் சொன்னார். ரெண்டு, ஆறு, ஏ, ஈ எல்லாம் வந்தது. மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"தம்பி, சுருக்கமாச் சொல்லுங்க. போனு அசலா, டூப்பா?"

"அசல்ங்க. தப்பு என்னோடது."

"அன்னைக்கு டூப்பு, இன்னைக்கு அசலா? நாளைக்கு என்னா சொல்லுவீங்க?"

அப்போதுதான் உள்ளேயிருந்து சுகந்தி வந்தாள். வேலைக்குக் கிளம்பி நின்ற கோலம். போனை நீட்டினாள். "சும்மா வாயால சொன்னா யாரு நம்புவா? இதோட உண்மையான எழுத்து எதுன்னு காட்டுங்க."

அண்ணன் போனைத் தொடவில்லை. வைஃபை பெட்டியை எடுத்து ஜன்னலில் வைத்தார். எங்கே போய் எதை மாற்ற வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல, அவளே மாற்றினாள். இந்த வைஃபைக்கு மட்டும் சொந்த எழுத்தையே சொல் என்று போனுக்கு உத்தரவு. சேர்ந்தது. அண்ணன் தேடினார். கம்பெனி பெயர் வந்தது. போனின் முதுகில் இருந்த அதே பெயர்.

அண்ணன் அதை வாசித்துக் காட்டினார். மாமா பலகைச் சுவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அந்தப் பக்கம் கேட்டிருக்காது. இன்னொரு தரம் சொல்லுங்க" என்றார்.

அண்ணன் உரக்கச் சொன்னார்.

"கடைசி வீட்டுக்கும் கேக்கணும்."

அப்பாவின் பெரட்டுக் குரல் மகனுக்குள் இருந்திருக்கிறது. அவர் போட்ட சத்தத்தில் சந்தையில் காய்கறி விற்றுக்கொண்டிருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "கேட்டுச்சுங்க, கேட்டுச்சு!" என்று ஒரு பெண் குரல் வந்தது. மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணன் பெட்டியைப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினார். சுகந்தி விடவில்லை.

"ஒண்ணு கேக்கணும். அன்னைக்குப் பொண்ணு பாக்கத்தானே வந்தீங்க? என் மொகத்தப் பாக்காம போனையே ஏன் பாத்தீங்க?"

நான் காலைத் தூக்கி வைத்துக்கொண்டேன். இந்தத் தடவை ஆள் மாறாது. ஆனால் மிதிக்க வேண்டியிருக்கவில்லை.

"மொகத்தப் பாக்கப் பயமா இருந்துச்சுங்க" என்றார் அண்ணன். "ஆளுங்க மொகத்தப் பாத்து எனக்கு ஒண்ணும் வெளங்காது. எழுத்துன்னா வெளங்கும். அதான் அதப் பாத்தேன். ஆனா நீங்க டீ வச்சதப் பாத்தேங்க."

அவள் மாமா பக்கம் திரும்பினாள். "மாமா, அன்னைக்குக் கேசரி அப்படியே மிஞ்சிப்போச்சு. இன்னைக்கு இவங்கள ஒக்காரச் சொல்லுங்க. நான் பாமசிக்குப் போன் பண்ணிட்டு வாறேன்" என்றாள்.

கல்யாணம் ஹட்டனில்தான் நடந்தது. மண்டபத்து வைஃபையைப் போட்டது மாப்பிள்ளையேதான். தாலி கட்டின கையோடு கம்ப்யூட்டர் பக்கம் ஓடப் பார்த்தார், மாமா வேட்டியைப் பிடித்து உட்காரவைத்தார்.

நான் இப்போது கொழும்பில் இருக்கிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை ஹட்டனுக்குப் போவேன். போன மாதமும் போனேன். அவர்கள் வீட்டுக் கேட்டைத் திறந்து இரண்டு எட்டு வைத்திருப்பேன், கதவைக்கூடத் தட்டவில்லை, உள்ளேயிருந்து குரல் வந்தது. "சுகந்தி, தங்கச்சி வந்திருச்சு, டீ போடு!"

இடையில் மூன்று போன் மாற்றிவிட்டேன். ஊரில் எந்த வைஃபையில் சேர்ந்தாலும் என் போன் பொய்யான எழுத்தைத்தான் சொல்லும், அப்படித்தான் வைத்திருக்கிறேன். அண்ணன் வீட்டு வைஃபைக்கு மட்டும், ஒவ்வொரு புதுப் போனிலும் முதல் வேலையாகச் சொந்த எழுத்தையே சொல்லும்படி மாற்றி வைத்து, அந்தப் பன்னிரண்டையும் அவருக்கு அனுப்பிவிடுகிறேன். நான் வருவது அவருக்குத் தெரிய வேண்டும்.